ஜெயக்கொடி டீச்சரின் அடீனியம்

முழங்கால் ஆபரேஷன் முடிந்து, பம்மலில் தங்கை வீட்டில் சில வாரங்கள் இருந்துவிட்டு ஜெயக்கொடி டீச்சர் கோவிலம்பாக்கத்துக்குத் திரும்பிய அன்று, அடைமழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்டோவிலிருந்து வாக்கரை முதலில் இறக்கினார். பிறகு நல்ல காலை. கடைசியாக, தையல் பிரித்த காலை. லிஃப்டில் இரண்டாவது மாடிக்கு வந்தவர் வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்னால் வராண்டாவின் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பினார். சாவி போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

சுவரோரம் காலியாக இருந்தது. தொட்டி நின்ற இடத்தில் தரை மட்டும் வட்டமாக வெளுத்துக் கிடந்தது.

"என் செடி எங்க?"

பக்கத்து வீட்டு வாசலில் நின்ற என்னைத்தான் கேட்டார். ஆனால் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். முப்பது வருஷம் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளி மைதானத்தில் விசில் இல்லாமலே பிள்ளைகளை ஓடவிட்ட குரல் அது.

"பெயின்ட் அடிக்கணும்னு எல்லாத் தொட்டியையும் எடுக்கச் சொன்னாங்க டீச்சர். உங்க செடிய கீழ, மோட்டார் ரூம் பின்னாடி வெச்சிருக்காங்க."

"எப்ப?"

"நீங்க போன வாரமே."

அவர் வீட்டைத் திறக்கவில்லை. வாக்கரைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் லிஃப்டுக்குப் போனார்.

டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். அப்பா பம்மலில் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர். டீச்சர் ஓடி ஓடியே படித்தவர். மாவட்டப் போட்டிகளில் வாங்கிய சான்றிதழ்களைக் காட்டித்தான் கல்லூரியில் இடம் கிடைத்தது, அப்புறம் விளையாட்டு ஆசிரியை வேலையும். பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தார். மைதானத்துக்கு எதிரே பஸ் நிறுத்தம். ஆண்கள் நின்று பார்க்கிறார்கள், பயிற்சியை உள்ளே ஹாலுக்கு மாற்றுங்கள் என்று தலைமையாசிரியை சொன்னபோது, "பாக்கறவன உள்ள போகச் சொல்லுங்க மேடம், ஆடறவ வெளியதான் ஆடுவா" என்று பதில் சொன்னாராம். மாப்பிள்ளை பார்த்த காலத்தில் வந்த வீடுகளெல்லாம் வேலையை விடச் சொன்னார்கள். வேலையை விடவில்லை, மாப்பிள்ளை பார்ப்பதை விட்டுவிட்டார். இந்த ஃபிளாட்டை வாங்கிய அன்று கையெழுத்துக்கு "சார் வரலையா?" என்று பில்டர் கேட்டாராம். "சாரும் நான்தான், மேடமும் நான்தான், பேனாவைக் குடுங்க."

ஓய்வு பெற்ற நாளில் பள்ளியில் ஒரு பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். இரண்டிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. திரும்பி வரும் வழியில், மேடவாக்கம் மெயின் ரோட்டோரம் மினி வேனில் செடி விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஒரு விசித்திரமான செடியைப் பார்த்தார். அடி கிழங்கு மாதிரி பருத்து, உச்சியில் நாலைந்து இலை. அடீனியம் என்றார் விற்றவர். வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும், தண்ணீர் தேங்கினால்தான் ஆகாது என்றார். தனக்கென்று ஒரு பரிசை டீச்சர் தானே வாங்கிக்கொண்டார்.

எங்கள் கட்டடத்தில் பால்கனிப் பக்கம் கை நீட்டினால் அடுத்த கட்டடத்தின் சுவர். அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. வராண்டா மேற்குப் பார்த்தது. மத்தியானத்திலிருந்து சூரியன் இறங்கும் வரை காய்ச்சி எடுக்கும். அதனால் செடி வராண்டாவில் இருந்தது. வருஷங்கள் போகப் போக அடி தேங்காய் அளவாகி, பிறகு சின்னப் பூசணி அளவாகி, சிமென்ட் தொட்டியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பூ ஓரத்தில் அடர்ந்த சிவப்பு, உள்ளே போகப் போக வெள்ளை. பங்குனி வெயிலில் இலையே தெரியாமல் பூக்கும். கூரியர்காரர்கள் எங்களுக்கு வழி கேட்டால், "பூச்செடி இருக்கிற மாடி" என்றுதான் வாட்ச்மேன் சொல்வார்.

இந்த வருஷம் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு உமேஷ் செயலாளர் ஆனார். ஐ.டி. கம்பெனியில் வேலை, நல்ல சுறுசுறுப்பு. குப்பை பிரிப்பதை ஒழுங்குபடுத்தியவர், லிஃப்ட் பராமரிப்பை உருப்படியாக்கியவர், அதையெல்லாம் மறைக்கக் கூடாது. ஆனால் கட்டடம் பார்வைக்கு ஒரே சீராக இருக்க வேண்டும், அப்போதுதான் விற்கும்போது நல்ல விலை போகும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். வராண்டாவில் தொட்டிகள் கூடாது என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். மற்றவர்கள் துளசியையும் கற்றாழையையும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் ஒரு குரல் பதிவு அனுப்பினார். இரண்டே சொல். "முடியாது சார்." உமேஷ் அதற்குப் பதில் போடவில்லை. அடுத்த வாரம் டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மோட்டார் ரூம் பின்னால் மேல்தொட்டி நிரம்பி வழியும் குழாய் இருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் செடியை வைத்திருந்தார்கள். தொட்டி விளிம்பிலிருந்து பாதி வரை விரிசல் விட்டிருந்தது. இரண்டு கிளைகள் முறிந்து தோலில் தொங்கின. இலை ஒன்றுகூட இல்லை. மண்ணுக்கு மேலே தண்ணீர் பளபளத்தது. டீச்சர் ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் குனிந்து, பருத்த அடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. அழுகிய உருளைக்கிழங்கு நாற்றம் எனக்கே அடித்தது.

அந்த நேரம் பார்த்து உமேஷ் காரை நிறுத்திவிட்டு வந்தார்.

"வாங்க மேடம், கால் எப்படி இருக்கு?"

"கால் கெடக்கட்டும். இன்னா சார் இது?"

கோபம் வந்தால் டீச்சருக்குப் பம்மல் பேச்சு வந்துவிடும்.

"நோட்டீஸ் குடுத்துட்டுத்தானே பண்ணோம் மேடம்."

"நான் முடியாதுன்னு சொன்னது காதுல வுழலியா?"

"மெஜாரிட்டி டெசிஷன். ஒரு செடிதானே மேடம்? ஆன்லைன்ல புதுசா ஆர்டர் பண்றேன், நாளைக்கே வந்துரும். இது செத்துப்போச்சு."

"செத்துப்போச்சுன்னு யாரு சொன்னது?"

"பாத்தாலே தெரியுதே."

"உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. உயிரு இருந்தாலும் என் செடி, செத்தாலும் என் செடி. நான் இல்லாத நேரம் பாத்து கை வெச்ச பாரு, அதான் தப்பு."

"கொஞ்சம் டோன் பாத்துப் பேசுங்க மேடம்."

"என் டோன் முப்பது வருஷமா இதான்."

உமேஷ் விடுவிடுவென்று போய்விட்டார். டீச்சர் என்னைப் பார்த்து, "நாளைக்குக் காத்தால ஒரு சேர் மட்டும் எடுத்தாந்து போடுங்க" என்றார்.

மறுநாள் காலை சேரைக் கீழே லிஃப்ட் வாசலுக்கு நேரே போடச் சொன்னார். ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற அத்தனை பேரும் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டுக்குள்ளேயே வைத்துச் செய்யலாமே என்றேன். "எதுக்கு ஒளிஞ்சி செய்யணும்? எல்லாரும் பாக்கட்டும்."

தரையில் பழைய செய்தித்தாள். ஸ்டூலில் காய்கறிக் கத்தி, பஞ்சு, கால் புண்ணைத் துடைத்ததில் மீந்த ஸ்பிரிட் பாட்டில். கைகளில் ரப்பர் உறை. செடியின் வேரிலிருந்து மண்ணை உதறினார். வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நூல் நூலாக வந்துவிட்டது. முறிந்த கிளைகளை முதலில் வெட்டினார். நல்ல கிளைகளிலும் சாண் நீளத்துக்குத் துண்டு எடுத்தார். வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் கசிந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தார். பிறகு அடிக்கிழங்கைச் சாய்த்துப் பிடித்து, அழுகலைத் துண்டு துண்டாகச் சீவினார். பழுப்பு வந்தது. இன்னும் சீவினார். இன்னும் பழுப்பு. பூசணி அளவு இருந்தது தேங்காய் அளவாயிற்று, பிறகு கொய்யாப்பழ அளவு. கடைசியில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக, கெட்டியாக ஒரு சதை தெரிந்தது.

முதல் மாடி யக்ஞநாராயணன் சார் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்று பார்த்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் பொருளாளர்.

"இது தேறாதும்மா. ரூட்டே போயிடுத்தே."

"போனது போச்சு சார். மிச்சத்தப் பாக்கறேன்."

அவர் மனைவி காமு மாமி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் மஞ்சள்பொடியைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் வைத்தார்.

"வெட்டின எடத்துல இதைத் தடவுங்கோ டீச்சர். நானும் மேலேர்ந்து பாத்துண்டே இருக்கேன், வெறும் கத்தியை வெச்சுண்டு போராடறேள்."

"காமு, உனக்கெதுக்கு இதெல்லாம்? கமிட்டி விஷயம்" என்றார் சார்.

"செடிக்குக் குடுக்கறேன். கமிட்டிக்கு இல்லை" என்றார் மாமி.

அப்போது யாரோ, உங்களைப் போலவே செடியும் எழுந்து நடக்கும் டீச்சர் என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள். டீச்சருக்குப் பிடிக்கவில்லை. "எனக்கு டாக்டர் வந்து இரும்பு வெச்சாரு. இதை இந்த நெலமைக்குக் கொண்டாந்தவங்க இங்கதான் நடமாடறாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல."

மஞ்சள் தடவிய துண்டுகளை வராண்டாவில் அதே இடத்தில், நிழல் விழும் பக்கமாகத் தாளில் பரப்பிக் காயவைத்தார். வெட்டுவாய் காயாமல் மண்ணில் வைத்தால் மறுபடி அழுகும் என்று சொன்னார். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. மூன்றாம் மாடி ஜீவிதா போட்டிருந்தாள். அவள் பெண் குழந்தை நடக்கத் தொடங்கி, எதைப் பார்த்தாலும் வாயில் வைக்கிற வயது. அடீனியத்தின் பால் விஷம், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதன் துண்டுகள் கிடப்பது பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே உமேஷ் உடனே எழுதினார்: இதற்காகத்தான் விதிமுறை.

டீச்சர் சண்டைக்குப் போவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் மூன்றாம் மாடிக்குத்தான் போனார். நானும் துணைக்குப் போனேன்.

"நீ சொல்றது நெசம்தாம்மா. விஷம்தான்" என்றார் ஜீவிதாவிடம். "தப்பு எம்மேல. எல்லாத்தையும் எடுத்து உள்ள வெச்சிட்டேன். தரையக் கழுவி வுட்டாச்சு. தொட்டில நட்டப்புறம் ஒசரமா ஒரு இரும்பு ஸ்டாண்டு, சுத்தி கம்பி வலை. உம் பொண்ணுக்கு எட்டாது. போதுமா?"

ஜீவிதா திகைத்துப் போனாள். "போதும் டீச்சர்."

"இத எங்கிட்ட நேரா வந்தே சொல்லியிருக்கலாமே."

"பயமா இருந்துச்சு டீச்சர்."

"நானு இன்னா புலியா?"

"உங்க குரலுக்குத்தான் பயம்."

டீச்சர் சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது.

சொன்னபடியே ஸ்டாண்டு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி செங்கல்லைச் சுத்தியலால் உடைத்து, ஆற்று மணலோடு கலந்து, ஓட்டை போட்ட தயிர்க் கப்புகளில் நிரப்பினார். கிளைத் துண்டுகளை ஒவ்வொன்றாக நட்டார். கிழங்குக்கு மட்டும் தனி மண்தொட்டி. தண்ணீரைக் கரண்டியால் விட்டார். மார்கழி முழுக்க அவர் செய்த வேலை, ஊற்றாமல் இருப்பதுதான். மழை சாரல் அடித்தால் கப்புகள் மேல் பழைய பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து மூடுவார். சில துண்டுகள் கறுத்துச் சாய்ந்தன. பிடுங்கிப் போட்டார். சில துண்டுகள் நட்டபடியே குச்சியாக நின்றன. அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கிழங்கு இரண்டாவது முறையும் அழுகியது. மறுபடி சீவினார், மறுபடி மஞ்சள், மறுபடி காயவைத்தல். எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகு ஒரு காலையில் அதுவும் பிசுபிசுத்துப் போயிருந்தது. நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். டீச்சர் அதைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு குப்பைப் பைக்குள் போட்டு இறுக முடிச்சுப் போட்டார்.

"இந்த ஆட்டம் போச்சு," என்றார். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழேதான் இருந்தது.

அன்று மாலையே யக்ஞநாராயணன் சார் ஆறுதல் சொல்ல வந்தார். "கிளையை வெட்டி வெக்கற செடிக்கு அந்த மாதிரி பெரிய கிழங்கு வராதாமே? யூடியூப்ல பாத்தேன்."

"வராட்டிப் போவுது சார். பூக்குமா, பூக்காதா? அத்தச் சொல்லுங்க."

"பூக்குமாம்."

"அப்புறம் என்ன?"

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் பொதுக்கூட்டம். வாக்கர் போய் டீச்சர் கையில் கைத்தடி வந்திருந்தது. உமேஷ் பொது இடம், வழி மறிப்பு, கட்டடத்தின் மதிப்பு என்று வரிசையாகப் பேசினார். டீச்சர் எழுந்து நின்றார்.

"பொது எடம்னா அதுல நானும் உண்டுதானே சார்? வழிய மறிக்குதுன்னு சொல்றீங்க. உங்க வூட்டு வாசல்ல ஷூ ஸ்டாண்டு நிக்குது, குழந்தை சைக்கிள் நிக்குது. இந்தக் கட்டடத்துல யாரு வாசல்ல ஷூ ஸ்டாண்டு இல்ல? அது அழகா கீதா?"

எல்லோரும் சிரித்தார்கள். உமேஷின் முகம் சிவந்தது.

"உங்களுக்கு இப்ப என்னதான் வேணும் மேடம்?"

"எனக்குத் தொட்டி வேணாம், புதுச் செடி வேணாம். நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப, முடியாதுன்னு சொன்ன செடிய எடுத்தது தப்பு. இத்தன பேர் முன்னாடி அத ஒரு வார்த்த சொல்லுங்க. நான் உக்காந்துக்கறேன்."

"அது அசோசியேஷன் முடிவு. நான் தனியா எப்படிச் சொல்ல முடியும்?"

"எடுக்கச் சொன்னப்ப தனியாத்தானே சொன்னீங்க?"

உமேஷ் அந்த வார்த்தையை விட்டுவிட்டு ஓட்டெடுப்புக்குப் போனார். கை தூக்கச் சொன்னார்கள். காமு மாமி, ஜீவிதா, நான், இன்னும் சிலர் டீச்சர் பக்கம். மற்றவர்கள் எல்லோரும் விதிமுறையின் பக்கம். யக்ஞநாராயணன் சார் யார் பக்கமும் பார்க்காமல் கையைத் தூக்கினார். வராண்டாவில் தொட்டி கூடாது என்று முடிவாகிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உமேஷுக்கு ஷூ ஸ்டாண்டு குத்திக்கொண்டே இருந்தது போலிருக்கிறது. பாரபட்சம் இல்லை என்று காட்டுவதற்காக, மாத முடிவுக்குள் எல்லா ஷூ ஸ்டாண்டுகளும் சைக்கிள்களும்கூட உள்ளே போக வேண்டும் என்று அதே மூச்சில் அறிவித்துவிட்டார். கை தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீச்சர் லிஃப்டில் ஏறும்போது சொன்னார்: "ஓட்டுல தோத்தாச்சு. சரி. ஆனா செடி உள்ள போவாது."

அதற்குள் தயிர்க் கப்புகளில் நின்ற குச்சிகளின் உச்சியில் பச்சை முளைவிட்டிருந்தது. விரல்நகம் அளவு இலைகள். மெல்ல இழுத்துப் பார்த்தால் இழுபடவில்லை, வேர் பிடித்துவிட்டது. டீச்சர் அவற்றைச் சின்னத் தொட்டிகளுக்கு மாற்றினார். ஒன்றைத் தன் வாசல் ஸ்டாண்டில் வைத்தார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு முதல் மாடிக்குப் போனார்.

"மாமி, இது உங்களுக்கு. ஆனா வாசல்லதான் வெக்கணும். உள்ள வெக்கறதா இருந்தா கிடையாது."

மாமி கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குடுங்கோ" என்று வாங்கி, வாசல் பக்க ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். யக்ஞநாராயணன் சார் பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். அன்று சாயங்காலம் அவரே ஸ்டூல் போட்டு ஏறி, கட்டு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஜீவிதா இரண்டாவதாகக் கேட்டு வாங்கினாள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வாசல் நிலைக்கு மேலே கொக்கி அடித்தாள். மூன்றாவது எனக்கு. அப்புறம், கூட்டத்தில் எதிராகக் கை தூக்கியவர்களே வர ஆரம்பித்தார்கள். ஷூ ஸ்டாண்டை எடு என்று சொன்ன விதியை மதிக்க அவர்களுக்கும் மனமில்லை. டீச்சர் யாரையும் நீ எந்தப் பக்கம் கை தூக்கினாய் என்று கேட்கவில்லை. நிபந்தனையை மட்டும் எல்லோருக்கும் சொன்னார்: வாசலில் வைக்க வேண்டும், வலையோ உயரமோ இருக்க வேண்டும், தண்ணீரைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். துண்டுகள் தீர்ந்தபோது, தன் வாசலில் வளர்ந்த செடியிலிருந்தே மறுபடி வெட்டினார்.

தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பெயின்ட் வேலைக்கு மாசி முடிவில்தான் பெயின்டர்கள் வந்தார்கள். மூன்று மாடியிலும் வாசலுக்கு வாசல் தொட்டி. எடுக்கவா வேண்டாமா என்று உமேஷைக் கேட்டார்கள். அவர் வராண்டா நெடுகப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை. எல்லோரும் அவரவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தோம்.

"சுத்தி அடிச்சிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார்.

சித்திரை வெயிலில் பூத்தன. பழைய செடியின் அதே பூ. ஓரத்தில் சிவப்பு, உள்ளே வெள்ளை. பருத்த அடி இல்லாமல் ஒல்லிக் குச்சிகளாக நின்றாலும், உச்சியில் கொத்துக் கொத்தாகப் பூ. வராண்டாவில் தொட்டி கூடாது என்ற அறிவிப்பு இன்னும் கீழே பலகையில்தான் இருக்கிறது. உமேஷ்தான் இன்னும் செயலாளர். லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறது.

உமேஷின் மனைவி சின்மயி ஒருநாள் தயங்கித் தயங்கி டீச்சரிடம் வந்தாள். "எங்க வீட்டுக்கும் ஒண்ணு தருவீங்களா ஆன்ட்டி?"

"உங்கிட்ட எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வா, உக்காரு, காபி குடி. ஆனா செடிய உங்க வூட்டுக்காரரு வந்து கேக்கட்டும். கேக்கறதுக்கு முன்னாடி என்ன சொல்லணும்னு அவருக்குத் தெரியும்."

"அவர் வரமாட்டார் ஆன்ட்டி."

"வராட்டி நானும் தரமாட்டேன்."

போன வாரம் மேல்தொட்டிக் குழாயின் கசிவைப் பார்க்க உமேஷ் எங்கள் மாடிக்கு வந்தார். பார்த்துவிட்டுத் திரும்பும்போது டீச்சர் வாசலில் கால் நின்றது. ஸ்டாண்டில் இருந்த செடி நிறையப் பூத்திருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. டீச்சர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன பயிற்சியாகக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சார்?" என்றார் உள்ளேயிருந்து.

உமேஷ் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தது போல்தான் எனக்குப் பட்டது.

"ஒண்ணுமில்ல மேடம். தண்ணி... தண்ணி ஒழுங்கா வருதான்னு கேக்க வந்தேன்."

"வருது."

அவர் படி வழியாகவே இறங்கிப் போனார். டீச்சர் காலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினார்.